மனைவிக்கு விருப்பமில்லை

பசை தீர்ந்துபோனதால் என் மகள் நேற்று ஒரு சோற்றுப் பருக்கையைத் தேய்த்துக் கடித உறையை ஒட்டினாள். அந்த ஈர வாசனையில் சீர்காழி வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது.

அப்பா கல்லூரியில் அரசியல் தத்துவம் கற்பித்தார். தனிமனிதச் சுதந்திரம் பற்றிய அவர் புத்தகத்தை வெளிநாடுகளிலும் படித்தார்கள். தொண்ணூறுகளில், தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போய்க்கொண்டிருந்தபோது, அப்பாவுக்கும் லண்டனிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. கேட்டால், "ஒண்ணுமில்ல, காலேஜ் விஷயம்" என்று பீரோவில் வைத்துப் பூட்டுவார். அம்மாவுக்குச் சந்தேகம் முளைத்தது.

தபாலில் சேர்க்கச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்த உறையை, ஒருநாள் அம்மா இட்லிப் பானையின் ஆவியில் காட்டிப் பிரித்தாள். ஆங்கிலத்தை நிதானமாகப் படித்தாள். குடும்பத்தோடு வந்து பாடம் நடத்த அழைத்தவர்களுக்கு அப்பா பதில் எழுதியிருந்தார்: "என் மனைவிக்கு விருப்பமில்லை. அவளுடைய சுதந்திரத்தை நான் மதிக்க வேண்டும்."

"என்னை எப்ப கேட்டாரு? பயம் அவருக்குன்னா அவர் பேரைப் போட்டே எழுதியிருக்கலாமே" என்றாள் அம்மா.

பிறகு அடியில், 'எனக்கு விருப்பம் உண்டு' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். பருக்கையால் உறையை ஒட்டி, "போட்டுட்டு வா" என்றாள்.

லண்டனிலிருந்து பதில் வந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் சந்தேகத்தோடு பார்த்தார். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

"பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கணும், கிளம்புங்க" என்றாள்.