வெண்கல நிற வீல்கள்

என் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பதினேழு அங்குல வீலே போதுமா, பத்தொன்பது போடலாமா என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஆரியசாலையில் ஒருவர் வெண்கல நிறத்தில் பழைய செட் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

"ஒரு கொழப்பமும் இல்ல கேட்டியளா, புதுசு போலயாக்கும்" என்றார்.

அந்த நிறத்தில் மயங்கித்தான் நின்றேன். ஒன்றைப் புரட்டியபோது, உள்பக்கம், புதுப் பெயிண்டுக்கு அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் விரலில் தட்டியது. வேகத்தில் பிளந்துவிடக்கூடிய வீல். நிமிர்ந்தேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று நழுவிவிட்டேன். பழைய வீலே போதும் என்று முடிவெடுத்தேன். தப்பித்த நிம்மதி எனக்கு.

மூன்று வாரம் கழித்து, கழக்கூட்டம் சிக்னலில், மழையில், பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. அதே வெண்கல வீல்கள். பின்சீட்டில் ஒரு சிறுமி, ஆவி படிந்த கண்ணாடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். "சேட்டா, அந்த வீல்..." என்று கத்தினேன். ஓட்டியவருக்குக் கேட்கவில்லை. பச்சை விழுந்ததும் சீறிப் போய்விட்டார்.

விரிசலை அன்றே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், இன்னொருவருக்கு விற்க அந்த அண்ணாச்சி கொஞ்சம் யோசித்திருப்பார். இப்போதும் மழைநாளில் ஹைவேயில் வண்டிகள் தேங்கி நின்றால், என் கண் முதலில் வெண்கல நிறத்தைத்தான் தேடுகிறது.