நோபேட்டும் உருளைக்கிழங்கும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இராமரின் சலூனுக்கு முடி வெட்டப் போகிறவர்களைவிட நோபேட்டின் கார்ட்டூன் விளக்கம் கேட்கப் போகிறவர்கள்தான் அதிகம். நான் இரண்டாவது கூட்டம். நோபேட் துறைமுகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலை எட்டு மணிக்கு நீலத் தொப்பியோடு வந்து, ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து, சிங்களப் பேப்பரில் நேரே கார்ட்டூன் பக்கத்தைப் பிரிப்பார்.

ஓட்டைக் குடை என்றால் வாக்குறுதி. அமைச்சரின் சப்பாத்து பெரிதாக இருந்தால் அவர் யாரையோ மிதிக்கப் போகிறார். மூலையில் சும்மா நிற்கிற பூனையைக்கூட விடமாட்டார். அதற்கும் ஓர் அரசியல் நிலைப்பாடு இருக்கும். 'தெரியாது' என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதேயில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. முடிவில் எப்போதும் ஒரே வசனம்: "தன்ர கார்ட்டூனைப் பாத்துச் சிரிக்கிறவன்தான் தம்பி பெரிய மனுசன். இவங்கள் ஒருத்தனும் சிரிக்க மாட்டான்."

போன மாதம் ஒரு படம் வந்தது. மேசைக்குப் பின்னால் அமைச்சர். கழுத்துக்கு மேலே தலைக்குப் பதில் பெரிய உருளைக்கிழங்கு. ஓர் எழுத்துக்கூட இல்லை. நோபேட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார். இறக்குமதி வரி என்றார். நுவரெலியா விவசாயி என்றார். கிழங்கு மண்ணுக்கடியில் விளைவதால் அது மூடி மறைத்த ஊழல் என்றார். கிழங்கிலிருந்த மூன்று புள்ளிகளுக்கு மட்டும் பத்து நிமிடம் போனது. முகம் முழுக்கச் சவர நுரையோடு இருந்த ஒரு சிங்கள ஓட்டோக்காரர் எட்டிப் படத்தைப் பார்த்தார்.

"அங்கிள், அல உனா. எச்சரய்," என்றார்.

அல என்றால் கிழங்கு. 'அல உனா' என்றால் காரியம் கெட்டுப்போச்சு. 'எச்சரய்' என்றால் அவ்வளவுதான். 'அல உனா', கொழும்பில் தமிழ் பேசும்போதே நாளுக்குப் பத்துத் தரம் வந்து விழுகிற சொல். கப்பல் பிந்தினால் நோபேட்டே அதைத்தான் சொல்லியிருப்பார். சலூனே சிரித்தது. இராமர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஒரு தாளில் நீலத் தொப்பி போட்ட உருளைக்கிழங்கைப் படமாகக் கீறி, கையில் பேப்பரும் கொடுத்து, சுவர்க் கண்ணாடியில் ஒட்டினேன். நோபேட் அதைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் கதிரை சும்மா கிடந்தது. கார்ட்டூனை நாங்களே பார்த்தோம். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. வயதான மனிதரை விரட்டிவிட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. படத்தைக் கிழிக்கப் போனேன், இராமர் தடுத்தார்.

"கிழிச்சுட்டா ஐயா பெரிய மனுசனாகிறதுக்கு வழியில்லாமப் போயிரும்ங்க."

நாலாம் நாள் நோபேட் வந்தார். நேரே கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, யார் கீறியது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"தொப்பி, உத்தியோகத் திமிர். பேப்பர், மற்றவனுக்கு விளக்கம் குடுக்கிற வியாதி. கருத்துச் சரி." படத்துக்கு இன்னும் கிட்டப் போனார். "ஆனா தொப்பிக்குக் கீழால முடி கீறியிருக்கு. அது சுத்தப் பொய்."

தொப்பியைக் கழற்றினார். வழுக்கை பளபளத்தது. அவர்தான் முதலில் சிரித்தார், வயிறு குலுங்க.

பிறகு கதிரையில் உட்கார்ந்து அன்றைய பேப்பரைப் பிரித்தார். நாங்கள் எல்லோரும் கிட்டப் போனோம். படத்தின் மூலையில் ஒரு பூனை நின்றது. நோபேட் அதை நெடுநேரம் பார்த்தார்.

"இது ஏன் இதில நிக்குதெண்டு எனக்குத் தெரியாது," என்றார்.