மூடியைத் திறந்த மாலை

காற்றுப் பட்டால் சாகிற கிருமியை உயிரோடு வளர்த்து, அது எந்த மருந்துக்கு மடியும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இரவுப் பணி பார்க்கும் சகாக்களே, ஓரிடத்தில் நிற்காத கைக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? பட்டம் எதுவும் கிடையாது. பழைய புத்தகங்களைப் புரட்டிக் கற்றேன். 1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தேன்.

பஞ்சில் வந்த சீழ்

ஒரகடம் பட்டறையில் தகடு விழுந்து, அங்கே வேலை பார்த்த ஏழுமலையின் கால் நசுங்கியது. புண் நாறியது. கொடுத்துவந்த பென்சிலின் கேட்கவில்லை. வேறு மருந்து தெரியாவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் சீழைப் பஞ்சுக்குச்சியில் அனுப்பினார். காற்றுப்பட்ட பஞ்சில் எது பிழைக்கும்? ஊசிக்குழாயில் உறிஞ்சி, காற்றை வெளியே தள்ளி, முனையில் ரப்பரைக் குத்தி அனுப்பச் சொன்னேன்.

"இன்னா சார், சாவடிக்கப் போற கிருமிக்கு இவ்ளோ மரியாதையா?" என்றார் நர்ஸ்.

ஜாடி

அவசரம் என்பதால் சீழைத் தடவிய தட்டிலேயே மருந்து தோய்த்த காகித வில்லைகளையும் வைத்தேன். காற்றை விழுங்கும் பொட்டலத்தோடு ஜாடிக்குள் போட்டு மூடியை முறுக்கினேன். இரண்டு நாள் தொடக் கூடாது.

ஏழுமலையின் மனைவி சரோஜா, மணிமங்கலத்துக்காரி, ஆய்வக வாசலிலேயே நின்றாள். "உள்ள இன்னாதான் கீதுண்ணே? ஒரு தபா தொறந்து பாரேன்."

ஒரே நாளில்

மறுநாள் மாலை பணிக்கு வந்ததும் திறந்துவிட்டேன். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டேன்; பொறுக்காதது எனக்குத்தான். தட்டில் ஒன்றும் தெரியவில்லை. திரும்ப மூடினேன். அதற்குள் காற்று வேலையை முடித்திருந்தது. அடுத்த நாளும் தட்டு வெறுமை.

டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். மறுபடி சீழ், மறுபடி இரண்டு நாள். இம்முறை கிருமி பென்சிலின் வில்லையை ஒட்டியே வளர்ந்திருந்தது. இன்னொரு வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி அண்டாத சுத்தமான வட்டம். அந்த மருந்து எங்கள் அலமாரியிலேயே இருந்தது. சீட்டோடு வார்டுக்கு ஓடினேன். அன்று காலையில்தான் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்திருந்தார்கள்.

நான் அவசரப்பட்டுத் திறந்ததால்தான் தாமதம் என்று சரோஜாவிடம் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாச்சும் தொறந்து பாத்தியேண்ணே. மத்தவன் எவன் எட்டிப் பாத்தான்?"

இந்தத் தொழிலில் திட்டு வாங்கினால் வீட்டுக்குப் போய்ப் பகலில் தூங்கிவிடலாம், நன்றி வாங்கினால்தான் முடிவதில்லை.