இரண்டாவது கதிரை

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது. சிட்னியின் மேற்கில், சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சை கொடுத்து ஆளை மீட்கப் பார்க்கும் போதை நீதிமன்றம் ஒன்றில் நான் ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர்தான் தமிழர். நாற்பது வயது யாழ்ப்பாணத்துக்காரர், குடிக்காகத் திருடி மாட்டியவர். கூடக் குடித்த தம்பி குடியாலேயே செத்துப்போனான்.

கிழமைக்கொரு தடவை என் அறைக்கு வருவார். ஒருநாள், "அக்கா, தம்பியும் வந்திருக்கிறான். அவனுக்கும் இருக்க ஒரு கதிரை போடுங்கோ" என்றார். செத்த தம்பியைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது. ஆனாலும் போட்டேன். செத்தவர்களுக்குச் சோறு படைக்கிற ஆட்கள்தானே நாங்கள், இதுவும் துக்கம்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு அவர் வரும் நாட்களில் நானே இரண்டு கதிரை போட்டுவைத்தேன். வெறும் கதிரையைப் பார்த்து அவர் சிரிக்கும்போது நான் கோப்பைப் புரட்டுவேன்.

வழக்கு எடுக்குமுன் நீதிபதி, தாதி, பொலிஸ்காரர், நான் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் தெரிந்ததையெல்லாம் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வேலை முறை. கதிரைக் கதைக்கு மட்டும் நான் வாயே திறக்கவில்லை. வெள்ளைக்காரர் முன்னால் எங்கள் ஆளை விசர், பைத்தியம் என்று காட்டுவதா என்ற ரோசம்.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் அவரைச் சிகிச்சையின் அடுத்த படிக்கு உயர்த்துவதாக இருந்தது. சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் சுத்தம். உயர்த்தினால் நாங்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது நின்றுவிடும். நல்ல மனிதர், பின்னால் ஆள் வராவிட்டாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று தாதி சிரித்தார். முந்தின நாள் பார்க்கப் போனபோது அவர் வீட்டு வாசலில் இரண்டு சோடி சப்பாத்து மினுக்கி வைத்திருந்ததாகப் பொலிஸ்காரர் சொன்னார். நாளைக்குத் தானும் தம்பியும் வெளிக்கிடுவதாகச் சொன்னாராம். தம்பி வந்து நிற்கிறார் போல என்று பொலிஸ்காரர் நினைத்துக்கொண்டாராம்.

தம்பி செத்து இன்றோடு ஒரு வருடம் என்பது அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னேன். கதிரையையும் சொன்னேன். எப்போதும் முதல் ஆளாக வருபவர் அன்று இன்னும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பொலிஸ்காரரும் தாதியும் அவர் வீட்டுக்கு ஓடினார்கள். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், எதிரெதிரே இரண்டு கதிரை. ஒன்றில் அவர், தம்பியிடம் போகத் துணிந்தவர், இன்னும் உயிரோடு. கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று தாதி பிறகு சொன்னார்.

மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் பழக்கதோஷத்தில் இரண்டு கதிரை போட்டிருந்தேன்.

"ஒண்டு காணும் அக்கா, மற்றதை எடுங்கோ. இப்ப அவன் வாறேல்லை" என்றார்.

என் ரோசம் ஒரு மனிதரைக் கொன்றிருக்கும் என்ற நினைப்பில், சொல்ல வெட்கமாக இருக்கும் விஷயத்தைத்தான் இன்றும் அந்த மேசையில் நான் முதலில் சொல்கிறேன்.