எண்பது கிலோமீற்றரும் ஒரு பூசணிக்காயும்

எங்கள் ஊரில் ஒருவர் சைக்கிளில் போனால் எதிரே வருகிற ஆள் கேட்கிற முதல் கேள்வி, "எங்கை போறியள்?" என்பதுதான். என்ன பதில் என்பது கேட்பவருக்கு முக்கியமில்லை. ஆனால் பதில் ஒன்று இருக்க வேண்டும். கடைக்கு, மில்லுக்கு, வயலுக்கு என்று ஏதாவது. ஐம்பதை நெருங்குகிற ஒரு பொம்பிளை, "சும்மா ஓடுறன், காலுக்குப் பெலன் வரட்டும் எண்டு" என்று சொல்ல முடியாது. என்னால் அறவே முடியாது. கூட்டங்களில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கிற ஆள் நான்.

அப்படிப்பட்ட நான் கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரை நடக்க இருந்த சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஏ9 வீதியில் எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. எந்த வயதினரும் எந்தச் சைக்கிளிலும் ஓடலாம், மத்தியானத்துக்குள் வவுனியாவுக்கு வந்து சேர்ந்தால் போதும் என்று மாதர் சங்கக் கூட்டத்தில் வாசித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். "உதுக்கு இஞ்சையிருந்து ஆர் போறது?" என்று முன்னால் இருந்த ஒருத்தி கேட்டாள். என் கை மேலே போனது. எனக்கே அது புதினமாக இருந்தது. சிறுவயதிலிருந்து சைக்கிள் மிதிக்கிறேன். பெற்றோல் இல்லாத காலத்தில் முன்னுக்குப் பிள்ளையும் பின்னுக்கு அரிசி மூட்டையுமாக மிதித்திருக்கிறேன். அதை யாரும் ஓட்டம் என்று சொன்னதில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டபோது அது என் மனதில் குத்தியிருக்க வேண்டும்.

கையை இறக்கிய பிறகுதான் மிச்சத்தையும் வாசித்தார்கள். ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு லொறி வரும். நேரத்துக்குச் சேர மாட்டாதவர்களை அது சைக்கிளோடு ஏற்றிக்கொள்ளும்.

வீட்டில் என் மனுசனிடம் சொன்னேன். இவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"லொறியிலை கொண்டுவந்து இறக்கினால் நான் உன்னைத் தெரியாத ஆள் மாதிரித்தான் நிப்பன், சொல்லிப்போட்டன்."

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் வவுனியா ரவுணுக்குள், சனம் பார்க்க, லொறியின் மேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னை அன்றிலிருந்து நினைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். எத்தனையாவது ஆளாக வந்தாலும் சரி, அந்த லொறியில் மட்டும் ஏறக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாரியில் விதைத்த காலபோக நெல்லை வெட்டி ஏற்றிய கையோடு ஓடத் தொடங்கினேன். முதல் நாள் எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்திலிருந்து அக்கராயன் வரைக்கும். கேள்விக்குப் பயந்து ஒரு வெறும் உரப்பையைச் சுருட்டிக் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் "மில்லுக்கு" என்றேன். அடுத்த நாளும் அதே பதில். அதற்கடுத்த நாள் ஒரு பெரியவர் சைக்கிளை நிற்பாட்டினார்.

"ஒவ்வொரு நாளும் மில்லுக்குப் போறியள். வீட்டிலை என்ன, கலியாணமோ?"

அன்று பின்னேரமே பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் ஒரு பையை நீட்டினாள். "அக்கா, நீங்கள் மில்லுக்குப் போறதெண்டு கதைக்கினம். எங்கடை மிளகாயையும் திரிச்சுக்கொண்டு வாங்கோவன்."

அவளுக்குக் குரல் பெரிசு, மனமும் பெரிசு. மகள் வவுனியாவில் கம்பசில் படிக்கிறாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிளகாயைத் திரித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அதோடு பொய் உண்மையாகிவிட்டது. பிறகு ஒருவருக்குக் கிளிநொச்சியில் மருந்து எடுக்க வேண்டும். இன்னொருவருக்குத் தண்ணிப் பம்பின் ஒரு சாமான் பரந்தனில்தான் கிடைக்கும். தைக்கக் கொடுத்த சட்டைகள், விதை வெங்காயம், சங்கக்கடை அரிசி. மற்றவர்களின் தேவை எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் நான் ஓடினேன். வெறும் உரப்பை நிரம்பிய உரப்பையானது. கேள்வி கேட்கிறவர்களுக்கு இப்போது நேரே முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

முதல் மாதம் முழங்கால் இரண்டும் வலித்தன. வயது என்று நினைத்து எண்ணெய் தேய்த்தேன். கிளிநொச்சியில் சைக்கிள் திருத்துகிறவர் என்னைத் தூரத்தில் கண்டே சொன்னார்.

"அக்கா, சீற் சரியாப் பதிஞ்சு கிடக்கு. உயர்த்தாட்டி முழங்கால் போயிடும்."

"உயர்த்தினால் நிலத்திலை கால் முட்டாதே?"

"ஓடேக்கை காலுக்கு நிலத்திலை என்ன வேலை?"

உயர்த்திய சீற்றில் ஏறி இறங்கப் பழகுவதற்குள் இரண்டு தடவை வேலிக்குள் விழுந்தேன். ஆனால் முழங்கால் வலி போய்விட்டது. மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் முன்னையதைவிட இலேசாக இருந்தது. அந்தச் சந்தோசத்தில் ஒருநாள் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மாங்குளம் வரைக்கும் போய்வர வெளிக்கிட்டேன். திரும்பி வரும்போது முறிகண்டிக்கு இந்தப் பக்கம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பஸ் தரிப்பிடத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு இருந்தேன். ஒரு கடைக்காரப் பிள்ளை வாழைப்பழமும் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியும் தந்தது. பசிக்கும் முன்னே சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும் முன்னே குடிக்க வேண்டும் என்று அன்று படித்தேன். அடுத்த கிழமை பழஞ்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அதே மாங்குளத்துக்குப் போய்வந்தேன். வந்து ஆட்டுக்குக் குழையும் வெட்டினேன்.

இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் விடியப் பார்த்தால் என் சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விட்டிருந்தது.

ஓட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். நெற்றியில் திருநீறு பூசி வாழ்த்தத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். திருநீறும் பூசினாள். பிறகு ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தாள். அரிசிமா, மிளகாய்த்தூள், அவற்றோடு ஒரு முழுப் பூசணிக்காய்.

"அக்கா, வவுனியாவுக்குத்தானே போறியள். பிள்ளையிட்டைக் குடுத்துவிடுங்கோ. முடியிற இடத்திலை வந்து நிக்கச் சொல்லியிருக்கிறன்."

"ஓட்டமெல்லே தங்கச்சி?"

"ஓம், அதுதானே! பஸ்ஸைவிடக் கெதியாப் போயிடுவியள்."

இவர் குசினிக்குள் நின்று சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் பையை வாங்கிக்கொண்டேன்.

கிளிநொச்சியில் விடிய முன் கூடி நின்றோம். மெல்லிய ரயர் சைக்கிள்கள், இறுக்கமான காற்சட்டைகள், கறுப்புக் கண்ணாடிகள். நான் பஞ்சாபிச் சட்டைக்கு மேல் அவர்கள் தந்த ரீசேட்டைப் போட்டிருந்தேன். கரியரில் பூசணிக்காய். ஒழுங்கு செய்கிற தம்பி ஒருவர் வந்து அதைத் தட்டிப் பார்த்தார்.

"அம்மா, இது என்ன?"

"பூசணிக்காய்."

"இல்லை, இது ஏன்?"

"வவுனியாவிலை ஒரு பிள்ளைக்கு."

அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். சாமான் கொண்டுபோகக் கூடாது என்று சட்டத்தில் இல்லையாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முந்தி என்றால் எனக்குக் கண் நிலத்துக்குப் போயிருக்கும். அன்று நான் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினேன்.

தொடங்கியதும் எல்லோரும் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் என் பாட்டில் மிதித்தேன். முறிகண்டிக்கு வந்தால், எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் பிள்ளையார் கோவிலடியில் இறங்கி நிற்கிறார்கள். அந்த வீதியால் போகிற பஸ்சும் லொறியுமே நிற்பாட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும். ஓட்டம் என்பதற்காக எப்படி நிற்காமல் போவது? வெளியூர்க்காரர் சிலர் மட்டும் என்ன நடக்கிறதென்று விளங்காமல் பார்த்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். நானும் இறங்கிக் கும்பிட்டேன். மற்றவர்கள் தேங்காய் உடைத்து முடிப்பதற்குள் ஏறி மிதித்தேன். கொஞ்சத் தூரத்துக்கு அரைவாசிப் பேர் எனக்குப் பின்னால் வந்தார்கள்.

மாங்குளம் தாண்டியதோடு நான் பழகிய வீதி முடிந்துவிட்டது. கனகராயன்குளத்தில் வெயில் ஏறியது. தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று நேரே நெஞ்சில் அடித்தது. புளியங்குளத்தில் சீற் இரும்பாகிவிட்டது. வலது கெண்டைக்காலில் நரம்பு இழுக்கத் தொடங்கியது. மிதிப்பதை நிற்பாட்டினால் இன்னும் இழுத்தது. அப்போதுதான் பின்னால் லொறிச் சத்தம் கேட்டது. அது முந்தவில்லை. என் வேகத்துக்குப் பக்கத்தில் வந்தது. மேலே ஏற்கனவே நாலைந்து பேர், நல்ல சைக்கிள்களோடு. உதவியாள் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, ஏறுங்கோ. இனி ஏலாது."

"ஏலும்."

"அப்ப பூசணிக்காயை எண்டாலும் தாங்கோ. இறங்கி அவிட்டுத் தாங்கோ."

"தம்பி, இறங்கினால் நான் பேந்து ஏறமாட்டன். கால் விறைச்சுப் போகும். நீங்கள் பின்னாலை வாங்கோ."

நான் ஒரு ஆளிடம், அதுவும் முன்பின் தெரியாத ஒருவரிடம், அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. சாரதி சிரித்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். ஓமந்தை வரை அந்த லொறி என் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கால் இழுக்கும்போது குதிக்காலை அழுத்தி மிதித்தேன். சாமானோடு எதிர்க்காற்றில் மிதிப்பது எனக்குத் தெரிந்த வேலை. பம்புச் சாமானோடும் அரிசியோடும் அதைத்தானே அத்தனை மாதமும் செய்தேன். ஓமந்தைக்குப் பிறகு லொறிச் சத்தம் இல்லை. வீதியோரம் நான் தாண்டி வந்த இன்னொருவரை ஏற்ற நின்றுவிட்டது.

வவுனியாவில் சனம் கலைந்துகொண்டிருந்தது. ஆனால் பதிகிறவர் மேசையில் இருந்தார், வெள்ளைக் கோடு நிலத்தில் இருந்தது, மத்தியானம் இன்னும் வரவில்லை. கோட்டை என் இரண்டு சில்லிலும் தாண்டினேன். யாரோ கை தட்டினார்கள். ஒருவர் ஒலிவாங்கியை நீட்டினார். நான் தலையை ஆட்டிவிட்டுத் தள்ளிப் போனேன், அது இன்னும் எனக்கு முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து பையை வாங்கியது. "ஐயோ மாமி, அம்மாவுக்கு விசர்" என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தது. நான் அப்படியே அதன்மேல் சாய்ந்துவிட்டேன்.

இவர் ரெயினில் வந்து ஒரு மரத்தடியில் நின்றார். என் கையிலிருந்து சைக்கிளை வாங்கி உருட்டிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்கு நடந்தார். கடைக்காரர் கேட்காமலே இவர் தொடங்கிவிட்டார்.

"இவா கிளிநொச்சியிலையிருந்து வாறா. சைக்கிளிலை. இந்தச் சைக்கிளிலைதான்."

"கிளிநொச்சியிலையிருந்தோ!" என்று கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அங்கே இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"கிளிநொச்சி இல்லை, ஸ்கந்தபுரம்," என்றேன். "விடிய முன்னம் பஸ் இல்லை. வீட்டிலையிருந்தும் மிதிச்சுத்தான் வந்தனான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

கடைக்காரர் தோளிலிருந்த துவாயால் முன்னால் கிடந்த கதிரையைத் துடைத்து எனக்கு இழுத்துப் போட்டார். அத்தனை நேரம் சீற்றில் நொந்ததில் எனக்கு அதில் இருக்கவே முடியவில்லை. கடையின் நடுவில் நின்றுகொண்டே அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.