போட்டு வாங்கோ, குஞ்சு

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்ட கதை இல்லை. ஜெயபுரத்தில் தயாளினியின் வீட்டுக்குப் போய், "அது உண்மையோ?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் வாதாட மாட்டாள். கைத்தொலைபேசியை எடுத்து ஓர் அழைப்பைக் காட்டுவாள். மே மாதம், வியாழக்கிழமை, பிற்பகல் 1.40. பதினெட்டு நிமிட வீடியோ அழைப்பு. அதில் ஏழு நிமிடங்கள் அவளுடைய கணவன் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இல்லை.

பேய் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். அன்றைக்கு வன்னி வெயில் மண்டையைப் பிளந்தது. முற்றத்துப் பாயில் புழுங்கல் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில், கணவன் இருக்கும் ஒல்லாந்தில், அதாவது நெதர்லாந்தில், காலை பத்து மணி பத்து நிமிடம். அங்கேயும் நல்ல வெயில்தான்.

ஆனால் கதை அதற்கு முன்பே, ஆரபியில் தொடங்குகிறது.

தயாளினிக்கு வயிற்றில் நாலு மாதம் நடக்கும்போது ஜனார்த்தனன் வெளிநாடு போனான். போய்ச் சேரவே ஒரு வருடம். வதிவிட அனுமதி கிடைக்க இன்னும் நாலு வருடம். மகள் ஆரபியை அவன் ஒருநாளும் தூக்கியதில்லை. அவளுக்கு அப்பா என்றால் தொலைபேசிக்குள் இருக்கிற ஒரு சிரித்த முகம். கதைத்துக்கொண்டே இருப்பாள். திடீரென்று தொலைபேசியைத் திருப்பி, அதன் முதுகுப் பக்கத்தைப் பார்ப்பாள்.

"அம்மா, அப்பா பின்னுக்கும் இல்லை!"

ஒவ்வொரு நாளும் இந்தத் தேடல். ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சிரிப்பு. அழைப்பு முடியும்போது மகள், போய்விட்டு வருகிறேன் என்று, பெரிய மனுசி மாதிரிச் சொல்லுவாள்: "அப்பா, போட்டு வாறன்." அவன் சொல்லுவான்: "போட்டு வாங்கோ, குஞ்சு." மறுநாள் அழைப்பு எடுத்ததும் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல்: "அப்பா, வந்திட்டன்!"

ஐந்து வயதில், ஒரு மாரிகால மழையில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

நாலாம் நாள் திரும்பக் கொண்டு வந்தார்கள்.

டிசம்பர் ஒன்பது. சிறு பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, தாட்டார்கள். அப்பா அனுப்பிய மஞ்சள் சட்டையைத்தான் போட்டுவிட்டார்கள். கையில்லாத சட்டை. தயாளினியின் தம்பி சஜீவன் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு தொலைபேசியைப் பிடித்திருந்தான். அங்கே ஜனார்த்தனன் வேலை செய்யும் கண்ணாடிக்கூரைத் தக்காளிப் பண்ணையில், செடிகளுக்கு நடுவில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சரியாக நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். வாசல் படலை தாண்டும்போது தொலைபேசியிலிருந்து அவன் குரல் வந்தது. பழக்கத்தில் வந்த குரல்.

"போட்டு வாங்கோ, குஞ்சு..."

பறை மேளம்கூட ஒரு கணம் நின்றது போலிருந்தது.

செத்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. அங்கிருந்து கிளம்புகிறவர்கள்கூட 'போட்டு வாறன்' என்று சொல்லாமல், பேசாமல் எழும்பிப் போவார்கள். போகிறவரைப் பார்த்து 'வா' என்று சொல்வது... அது கூப்பிடுவது.

"ஐயோ தம்பி!" என்று பக்கத்து வீட்டு ராஜினி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "அப்பிடிச் சொல்லப்படாது!"

சொல்லியாகிவிட்டது.

அதற்குப் பிறகு தயாளினி தினமும் சுடலைக்குப் போனாள். பெண்கள் போவதில்லை. அவள் போனாள். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. புதைத்த இடத்தில் இருந்து கதைத்துப் பார்த்தாள். ஒரு கனவாவது வராதா என்று பகலிலும் படுத்துப் பார்த்தாள். வரவே இல்லை. ஒரு கனவு... அதுகூட இல்லை.

ஜனார்த்தனன் அவளைக் கூப்பிட முயன்றுகொண்டிருந்தான். நாலு பேர் படுக்கும் வாடகை அறைக்கு மனைவியைக் கூட்டிப்போக முடியாது. வீடு வேண்டும். வங்கி சம்மதித்தது. ஆனால் வீடுதான் கிடைக்கவில்லை. பதினொரு வீடு பார்த்தான். பதினொன்றும் கடைசி நேரத்தில் கை நழுவிப் போயின. பன்னிரண்டாவது, ஒரு சிறிய, சத்தமில்லாத ஊரில் இருந்தது. ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும் எட்டுச் செங்கல் வீடுகளில் ஆறாவது.

சனிக்கிழமை அதை வீடியோவில் காட்டினான். ராஜினி அக்காவும் தயாளினியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அடி ஆத்தே, இது லயமெல்லோ!" என்றார். அவருடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்தின் லயத்திலிருந்து, தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். "எங்கட அப்பா லயத்தில இருந்து தப்பி இஞ்ச ஓடி வந்தவர். நீ பிளேனேறிப் போய் லயத்தில இருக்கப் போறாய்!"

"மாடி வைச்ச லயம் அக்கா," என்று ஜனார்த்தனன் சிரித்தான்.

"மாடி வைச்சாலும் சுவர் ஒண்டுதானே? பக்கத்து வீட்டுப் பிள்ளை இருமினா எங்களுக்கு நித்திரை போயிரும்."

தயாளினி சிரிக்கவில்லை. அவன் ஏணி மாதிரிச் செங்குத்தான மரப்படியில் ஏறிக்கொண்டிருந்தான். பதின்மூன்று படி. அவள் எண்ணினாள். அவன் மேலே போய் நின்ற பிறகும்...

தத். தத்.

இன்னும் இரண்டு. கீழே, வாசல் பக்கமிருந்து.

"ஆரும் பின்னால வாறாங்களோ?"

"இல்லையே. வீடு விக்கிற புரோக்கர் மனுசி கீழ நிக்கிறா."

கீழே இறங்கும்போது வாசற்கதவு தெரிந்தது. கதவின் நடுவில், கடிதம் போடும் துவாரம். அதை மூடும் பித்தளைத் தகடு தானாக ஆடிக்கொண்டிருந்தது. டக்... டக்...

"காத்து," என்றான் அவன்.

வாசலில் நின்ற ஒற்றை மரத்தில் ஒரு இலையும் அசையவில்லை.

வியாழன் காலை, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முன்னர், பத்திரம் எழுதுபவரின் அலுவலக வாசலிலிருந்து அவன் அழைத்தான்.

"நொத்தாரிசுக் கந்தோர் வாசலில நிக்கிறன். பகிடி தெரியுமோ தயா? இவங்களும் நொத்தாரிசு, கந்தோர் எண்டுதான் சொல்லுறாங்கள். எங்கட சொல்லெல்லாம் இஞ்ச இருந்துதான் வந்திருக்கு."

அவள் பாயில் காய்ந்த நெல்லைக் காலால் கிளறிவிட்டாள்.

"தயா... நீ வராட்டில் எனக்கு இந்த வீடு என்னத்துக்கு? சொல்லு. வைக்கட்டோ?"

"பிள்ளையை இஞ்ச விட்டிட்டு நான் எப்பிடியப்பா வாறது?"

அவன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"வையுங்கோ," என்றாள் கடைசியில். வாறன் என்று அவள் சொல்லவில்லை.

1.40. மீண்டும் அழைப்பு. கையில் திறப்பு, புது வீட்டின் சாவி. வலது காலை வைத்து உள்ளே போனான். வெறும் வீடு. அவன் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. கதவைச் சாத்திப் பூட்டினான். தொலைபேசியை யன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தான். அவளுக்கு வாசற்கதவும் படிக்கட்டும் தெரிந்தன.

"கரண்ட் அடுப்பு, சுணங்கும். பால் பொங்கினவுடன காட்டுறன். நில்லு."

பின்பக்கக் குசினிக்குப் போனான். ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு அமைதி.

வெறும் வீட்டை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1.46.

டக்.

தபாற்காரனாக இருக்கும் என்று நினைத்தாள். கடிதம் எதுவும் விழவில்லை.

டக்... டக்...

பித்தளைத் தகடு மெல்ல உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது. யாரோ வெளியிலிருந்து விரலால் பிடித்திருப்பது போல. துவாரத்தால் ஒரு கீற்று வெயில் உள்ளே விழுந்தது.

பிறகு அந்த வெயில் மறைந்தது.

யாரோ முகம் வைத்துப் பார்க்கிறார்கள்.

"இஞ்சருங்கோ..." என்று கூப்பிட்டாள். குசினிக் கதவு சாத்தியிருந்தது.

தகடு மெல்லக் கீழே இறங்கியது. பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது.

தத்... தத்... தத்...

இந்த முறை உள்ளே.

வெறுங்கால்கள். சின்னக் கால்கள். பலகைத் தரையில், யன்னலை நோக்கி. திரையில் ஒருவரும் இல்லை.

நின்றது.

படம் ஒருமுறை குலுங்கியது.

எழும்பியது.

முகட்டைக் காட்டியது. சுவரைக் காட்டியது. பிறகு முழுதாகத் திரும்பி, யன்னலுக்கு வெளியே தெருவைக் காட்டியது.

அப்படியே நின்றது... மூன்று விநாடி... நாலு...

மீண்டும் இந்தப் பக்கம் திரும்பியது. வெறும் படிக்கட்டு.

மீண்டும் அந்தப் பக்கம்.

அப்போதுதான் தயாளினிக்கு விளங்கியது.

தொலைபேசியின் முதுகைப் பார்க்கிறாள்.

அம்மா பின்னுக்கு இருக்கிறாளா என்று... தேடுகிறாள்.

"குஞ்சு..."

மூச்சுச் சத்தம் கேட்டது. மிகக் கிட்ட.

"குஞ்சு, அம்மா இஞ்ச..."

படம் கறுப்பானது.

1.53. புஸ்ஸென்று பால் பொங்கிச் சிந்தும் சத்தம். கதவு திறந்தது. ஓடி வரும் பெரிய கால்கள். வெளிச்சம். ஜனார்த்தனனின் முகம்.

"போன் ஏன் குப்புறக் கிடக்கு? ஆர் கவிட்டது? ...ஐயோ, ஐஸ் மாதிரிக் குளிருது!"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவன் பயப்படுவான் என்பது ஒரு காரணம். சொன்னால் அது போய்விடும் என்ற பயம் மற்றக் காரணம்.

ஒன்பது நாள் கழித்து அவனே அழைத்தான். அழுதிருந்தான்.

ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி, கேக்கும் கையுமாக வந்திருக்கிறாள். "உன் மகள் படியில் ஏறி இறங்குவது எனக்குக் கேட்கிறது," என்றாளாம். "எனக்கு அது தொந்தரவு இல்லை. வீடு உயிரோடு இருப்பது நல்லதுதான். அவள் அம்மா எப்போது வருகிறாள்?"

எனக்குப் பிள்ளை இல்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை. எப்போதிலிருந்து கேட்கிறது என்று கேட்டான்.

படியில், நீ திறப்பு வாங்கிய நாளிலிருந்து, என்றாள். அதற்கு முன்னர் வாசலில்.

"வாசலிலயோ?" என்றாள் தயாளினி.

"ஓம். வெளியில நிண்டு கடிதத் துவாரத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டதாம். அவ கதவைத் திறந்து பாத்தால் ஒருத்தரும் இல்லையாம். தகடு மட்டும் ஆடுமாம்."

"என்னெண்டு... கூப்பிட்டதாம்?"

"ஓப்பா எண்டு. இவங்கட மொழியில ஓப்பா எண்டால் தாத்தா. இந்த வீட்டில முதல் இருந்த கிழவனை முதியோர் இல்லத்தில விட்டவங்கள். அவரைத் தேடிப் பேரப்பிள்ளை வருகுது எண்டு இவ நினைச்சிருக்கிறா. இஞ்ச ஓப்பா இல்லையம்மா எண்டு மறுமொழியும் சொன்னவவாம்." அவன் குரல் உடைந்தது. "ஓப்பா இல்லை தயா. அப்பா."

தயாளினி எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"பிறகு இன்னொரு சொல்லாம். அதுக்கு என்ன கருத்து எண்டு என்னட்டக் கேட்டவ. அவவுக்கு வாயில வரேல்லை. வந்தித்தன், வந்தித்தன் எண்டு சொல்லிக் காட்டினவ."

வந்திட்டன். ஒவ்வொரு நாளும் ஆரபியின் முதல் சொல்.

வெறும் வீட்டைக் கவனிக்கச் சொல்லிக் கிழவரின் மகன் கேட்டிருந்ததால், அந்தத் தாதி அந்தக் குரல் கேட்ட முதல்நாளையே, நேரத்தோடு, கலண்டரில் குறித்து வைத்திருந்தாள். கொண்டுவந்து காட்டினாளாம்.

டிசம்பர் ஒன்பது. காலை பதினொன்றரை.

மாரி காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் நாலரை மணித்தியாலம் வித்தியாசம். இங்கே பின்னேரம் நாலு மணி, பெட்டி படலை தாண்டிய நேரம்.

அன்றைக்கு அவன் அந்தத் தெருவின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அந்த வீடு விற்பனைக்கே வந்திருக்கவில்லை.

தயாளினி ஒன்றுதான் கேட்டாள்.

"டிசம்பரில அங்க பனியெல்லோ?"

"...ஓம். கணுக்கால் அளவுக்கு."

"ஐஞ்சு மாசம்... வாசலில நிண்டிருக்கிறாள்."

அவள் அன்று சுடலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. இன்னும் இரண்டு கிழமையில் அவளுக்குப் பயணம். போன மாதம் சஜீவனோடு கிளிநொச்சிக்குப் போய்ச் சாமான் வாங்கினாள். பெட்டியில் முதலில் வைத்தது ஒரு சின்னக் கம்பளிச் சட்டை. மஞ்சள். முழுக்கை.

"இந்த வெயிலுக்குச் சுவெற்றரோ அக்கா?" என்று கடைக்காரப் பெண் சிரித்தாளாம். "பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"ஐஞ்சு."

"அப்ப ஒரு அளவு கூட எடுங்கோ. வளருற பிள்ளையெல்லோ?"

தயாளினி சட்டையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"இல்லைத் தங்கச்சி. ஐஞ்சே போதும்."