கடுக்காய்த் தண்ணீரில் ஒரு குளியலறை

தரையைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் என் வாய் சும்மா இருக்காது. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் விளங்காமல் போனதிலிருந்து, கையை ஊன்றி உட்கார்ந்தபடியே நகர்கிறவள் நான். மற்றவர்களுக்குத் தரை என்பது மிதிக்கிற இடம். எனக்கு அதுதான் தெரு, ரோடு, எல்லாம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்ப்பேன். வீட்டுக்காரர்களிடம் பேச்சுக் கொடுப்பது அதற்கப்புறம்தான்.

அப்பா ஜவ்வாது மலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார். மலையில் வாடகைக்கு வீடு கிடைக்காது, வேண்டுமென்றால் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்பாவும் அம்மாவும் மண்ணைக் குழைத்துத் தாங்களே சுவர் எழுப்பினார்கள். ஊர்க்காரர்கள் கூரை வேய்ந்து கொடுத்தார்கள். செம்மண்ணைக் கெட்டித்துச் சாணி மெழுகியதோடு தரை வேலை நின்றது. மலை முழுக்க அதுதான் வழக்கம், பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மாடு சரியாக மெல்லாமல் விட்ட வைக்கோல் துணுக்கு சாணியோடு காய்ந்து நிற்கிறதே, அது நடக்கிறவர்கள் பாதத்துக்குத் தெரியாது, என் தொடைக்குத் தெரியும். அதுவும் மெழுகுகிற நாளில், தரை காய்கிற வரைக்கும் என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிடுவார்கள். பரண்மேல் வைத்த பாத்திரம் மாதிரி அங்கேயே இருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதைவிடப் பெரிய எரிச்சல் குளியல். வீட்டுக்குப் பின்னால் நான்கு கம்பு நட்டுப் பழைய புடவையைச் சுற்றிக் கட்டியிருந்தோம். அம்மா என்னைத் தூக்கிப்போய் அங்கே ஒரு கல்லின் மேல் உட்காரவைத்து, தண்ணீர் மொண்டு ஊற்றித் தேய்த்துவிடுவாள். காற்றடித்தால் புடவை ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். சின்னப் பிள்ளையாக இருந்தவரைக்கும் அது விளையாட்டு. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் என் உடம்பு எனக்கே புதிதாக இருந்தது. அதை இன்னொருவர் கை தேய்ப்பது, அம்மாவின் கையானாலும், எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் போட்டு உடைத்துவிட்டேன்.

"இனிமே நானே குளிச்சுக்கறேன். நானே உள்ள போவணும், நானே தண்ணி ஊத்திக்கணும், நானே கதவச் சாத்திக்கணும்."

அம்மா என் தலையைத் துவட்டினாள். அவளுக்கு வருத்தம்தான். அப்பாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. எதையாவது செய்து பார்க்க ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் அவருக்கு. அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது.

குளியலறைக்குச் சுவர் எழுப்புவது சுலபம், தரைதான் சிக்கல். மண் தரையில் தினமும் குளித்தால் சேறாகிவிடும், சேற்றில் நான் நகர முடியாது. சிமெண்டு அப்போது பர்மிட் வாங்கிக் காத்திருக்க வேண்டிய சாமான். இந்த யோசனையில் இருந்தபோதுதான் வாணியம்பாடி பாய் வந்தார். தோல் பதனிடுகிறவர்களுக்காக மலைக் கடுக்காயை மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறவர்.

"எங்க பழைய வூட்டு மாடி இன்னும் ஒழுவல சார்" என்றார். "கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணிய சுண்ணாம்புல ஊத்தி இடிச்சுப் போட்டதாம். தோலையே கெட்டியாக்குற சாமான், சுண்ணாம்ப ஆக்காதா?"

தோலுக்கும் சுண்ணாம்புக்கும் ஒரே காய் எப்படி வேலை செய்யும்? எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் ஒரு கடுக்காயைக் கடித்துப் பார்த்தேன். நாக்கு சுருங்கி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கும் தோல் மாதிரி பதப்பட்டுவிட்டதோ என்று கொஞ்ச நேரம் பயந்துபோனேன்.

அப்பா மலையடிவாரத்துப் படவேட்டுக்குப் போய், விலை மலிவாக இருக்கிறதென்று கறுத்துக் கசிந்துபோன வெல்லத்தை ஒரு மூட்டை வாங்கி, பஸ்ஸிலும் தோளிலுமாக மேலே கொண்டுவந்தார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பெரிய பானைகளில் இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினோம். நான் தினமும் பானையில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே யாரோ முணுமுணுக்கிற மாதிரி சத்தம் வரும். நுரை கட்டியது. புளித்த வாடை அடித்தது. பக்கத்துக் கொல்லையில் சாமைக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா வேலியருகே வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா வாத்தியாரே, நீங்களுமா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அப்பாவும் பதிலுக்குச் சிரித்தார். என்ன கேட்டாள் என்பது எங்கள் யாருக்கும் புரியவில்லை.

மதுவிலக்கு இருந்த காலம் அது. கெட்டுப்போன வெல்லம் மூட்டையாக மலையேறினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பஸ்ஸில் பார்த்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஏட்டய்யா ஒருவர் போலீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு நேராகக் கொல்லைப்புறத்துக்கு வந்தார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு போலீஸ்காரர் லத்தியால் ஓங்கி ஒரு பானையில் போட்டார். பழுப்புத் தண்ணீர் என் பாவாடையை நனைத்துக்கொண்டு ஓடியது.

"அது நான் குளிக்கறதுக்கு" என்று கத்தினேன்.

"சாராயத்துலயா குளிப்ப?" என்றார் அவர்.

எனக்கு அழுகை முட்டியது. அப்பா அடுத்த பானையின் முன்னால் போய் நின்றுகொண்டார். "ஐயா, இது குளிக்கற ரூமுக்குத் தரை போடற கடுக்காத் தண்ணி. ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் உடைங்க."

ஏட்டய்யா உள்ளங்கையில் கொஞ்சம் மொண்டு, பழக்கப்பட்டவர் போலத்தான் வாயில் விட்டார். அடுத்த நொடி அவர் முகம் கோணிய கோணலை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. துப்பினார், மறுபடியும் துப்பினார், நாக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இத எவன்யா குடிப்பான்? வுடுங்கடா அந்தப் பானைய." வேலி வரைக்கும் போனவர் திரும்பினார். "வாத்தியாரே, தரை நல்லா வந்தா சொல்லுங்க. நம்ம வூட்டு மாடியும் ஒழுவுது."

ஒரு பானை மிஞ்சியது. மறுபடி வெல்லம் வாங்கி வர அப்பாவுக்குத் தைரியமில்லை, வேலை போய்விடும் என்று பயந்தார். இருப்பதைக் கொண்டு வீட்டுத் தரை, குளியலறை, இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும்.

"வீட்டுக்கே போட்டுடலாம் பாப்பா" என்றார். "நாள் பூரா நீ நகர்றது அங்கதான். குளிக்க அம்மா இருக்கா இல்ல?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வைக்கோல் குத்தாத, கட்டிலில் சிறை வைக்காத தரை என்றால் எனக்கு ஆசைதான். நான் அம்மாவைப் பார்த்தேன். இத்தனை நாள் அந்தப் பானைகளின் பக்கமே வராதவள் அவள்.

"குளிக்கற ரூமுக்கே ஊத்துங்க" என்றாள் அம்மா. "வூட்டுக்குள்ள நாம தூக்கிக்கலாம். அங்க நாம வரக் கூடாதுன்றா. அவ கேட்டது அதுதான்."

சுண்ணாம்பையும் மணலையும் அந்தத் தண்ணீர் விட்டு அம்மாவும் பக்கத்துக் கொல்லை அக்காவும் கட்டையால் இடித்தார்கள். அப்பா பரப்பினார். தண்ணீர் வடிகிற வாட்டம் சரிதானா என்று பார்த்தது நான். பலகை மேல் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். "அந்த மூலையில பள்ளம்" என்று சொன்னால் அப்பா மறுபடி இழுத்துவிடுவார். ஓடையில் பொறுக்கிய வழவழப்பான கூழாங்கல்லால் மூலையிலிருந்து வாசல் வரை தேய்த்ததும் நான்தான். ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தோம். நான் அடிக்கடி சாக்கைத் தூக்கி விரல் நகத்தால் கீறிப் பார்ப்பேன். ஒருநாள் கீறல் விழவில்லை. என் சந்தோஷத்துக்கு அளவில்லை.

தண்ணீருக்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். சுவரின் மேல் தகர டிரம், அதன் அடியில் பழைய சைக்கிள் டியூப், டியூபின் நுனியில் ஆணியால் பொத்தல் போட்ட பவுடர் டப்பா. டப்பாவைக் கட்டிய கயிறு மேலே ஒரு கழியைச் சுற்றி என் கைக்கெட்டும் முளைக்கு வந்தது. கயிற்றைத் தளர்த்தினால் டப்பா இறங்கித் தண்ணீர் கொட்டும், இழுத்தால் மேலேறி நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று அப்பா விளக்கி முடிப்பதற்குள் நான் டிரம்மைப் பாதி காலி பண்ணியிருந்தேன்.

முதல் நாள் நானே நகர்ந்து உள்ளே போனேன். தரை தொடையில் எங்கேயும் குத்தவில்லை. தாழ்ப்பாளை அப்பா எனக்கெட்டும் உயரத்தில் வைத்திருந்தார், போட்டேன். தண்ணீர் ஐஸாக இருந்தது. என் முழங்காலுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவசரப்படுத்த ஆளில்லாததால் ஒவ்வொரு இடமாகப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். சோப்பு நுரையோடு இருக்கும்போதே தண்ணீர் தீர்ந்துவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது.

"அம்மா, தண்ணி தீந்துடிச்சு."

வெளியே கல்லின் மேல் ஏறுகிற சத்தம் கேட்டது. சுவர் ஆள் கழுத்தளவுதான், கூரையும் கிடையாது; கல்லின் மேல் நின்றால் உள்ளே எல்லாம் தெரியும். நான் கைகளால் மார்பை மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். குடம் சரிந்தது, டிரம்மில் தண்ணீர் விழுந்தது, கொஞ்சம் தவறிச் சுவரிலும் வழிந்தது. பிறந்ததிலிருந்து என்னைக் குளிப்பாட்டியவள் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினாள். சுவருக்கு மேலே எனக்குத் தெரிந்தது அவளுடைய கொண்டை மட்டும்தான்.